வரப்பைத் தாண்டிய மல்லாட்டை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, சுங்கத்துக்குப் பயந்தபடி ரயிலேறிப் போய்விடுகிறார்கள். போன வருஷம் நானே இந்தப் பத்திரிகையில் அப்படித்தான் யோசனை சொல்லி எழுதினேன். அந்தக் கட்டுரையை இப்போது யாராவது எடுத்து வந்து காட்டினால் கிழித்துப் போடுவேன். இந்த முறை பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியோடு பட்டணம்வரை போய் வந்ததை எழுதுகிறேன். 1934 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். போகிற வழி அழகானது. எனக்கு வந்த கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

போனதற்குக் காரணம் ஒரு காகிதம். நான் சைகோனில் ஓர் அரிசி ஏற்றுமதிக் கம்பெனியில் எட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். உலகமெங்கும் விலை படுத்தபோது அரிசியும் படுத்தது, கம்பெனி எங்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. இப்போது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் மாமனார் வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சோரியாங்குப்பத்துத் தணிகாசலம் எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் கடலை கொண்டுவந்து போடுகிறவர். புதன்கிழமை காலையில் வந்து மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சைகோன்காரரே, இதுல இன்னா எழுதிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. பட்டணத்துக் கம்பெனி கெடங்குல குடுத்தாங்க."

படித்தேன். பிரான்ஸ் தேசத்துக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் வெளியே விளைந்த எண்ணெய் வித்துக்கு இனி மர்செய் துறைமுகத்தில் வரி உண்டு. ஆகையால் பிரெஞ்சு மண்ணில் விளைந்தது என்று கொம்மின் என்கிற ஊராட்சி அலுவலகம் முத்திரை வைத்துக் கொடுத்த சான்றிதழோடு வரும் சரக்குக்குத்தான் நல்ல விலை. சனிக்கிழமை மதியத்துக்குள் கிடங்குக்கு வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கப்பல்.

"அவ்ளோதானா? நம்ம நெலம் பிரெஞ்சு நெலந்தானே" என்றார் தணிகாசலம். அவர் முகத்தில் பெரிய நிம்மதி. மூன்று காணி மல்லாட்டை போட்டிருந்தார். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அது பிரெஞ்சு விலைக்குப் போனால் வரிக்கும் அடுத்த விதைக்கும் சரியாகிவிடும். போகாவிட்டால் வண்டி மாட்டு ஜோடியில் ஒன்றை விற்றாக வேண்டும். இதை அவர் மூக்கால் அழுதுகொண்டு சொல்லவில்லை, மழை வருமா வராதா என்பதுபோலச் சொன்னார். "நானும் கூட வருகிறேன், அலுவலகத்தில் பிரெஞ்சில் எழுத வேண்டியிருக்கும்" என்று நானாகத்தான் சொன்னேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதைப் பின்னால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஜட்கா பிடித்தேன். பெண்ணையாற்றங்கரை வரை நாலணா. ஆறணா கேட்பார்கள், இறங்கி நடக்கிறமாதிரி இரண்டடி வைத்தால் நாலணாவுக்கு வந்துவிடும். மாசியில் ஆறு முழுக்க மணல்தான். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கணுக்கால் தண்ணீர், அதுவும் அந்த வேளையில் பல்லைக் கிட்டவைக்கும் குளிர்ச்சி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்து, கரையேறி, வரப்பு வரப்பாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் சோரியாங்குப்பம். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழேகால்.

ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ் சீமை முடிந்து பிரெஞ்சு சீமை வந்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்து எல்லையை வகுத்தவர்கள் எந்த மயக்கத்தில் வகுத்தார்களோ, ஒரு கிராமம் அவர்களுக்கு, அடுத்தது இவர்களுக்கு, அதற்கு நடுவில் ஒரு திட்டு மறுபடியும் அவர்களுக்கு. மைல் கல் முடிந்து கிலோமீட்டர் கல் வரும், பத்து நிமிஷம் நடந்தால் திரும்பவும் மைல் கல். தணிகாசலத்தின் நிலத்தில் அந்த எல்லை ஒரு வரப்பு. முழங்கால் உயரம் இருக்கும். அதன்மேல் ஒரு கல் நட்டிருக்கிறது, அன்று அதன்மேல் யாரோ கோவணம் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள்.

நிலம் மூன்று காணியும் வரப்புக்கு இந்தாண்ட, பிரெஞ்சுப் பக்கம். களம் வரப்புக்கு அந்தாண்ட, இங்கிலீஷ் பக்கம். இந்தாண்ட மண் காய்ந்தால் வெடிக்கிற மண், மல்லாட்டையைக் கொட்டினால் பாதி வெடிப்புக்குள் போய்விடும். அந்தாண்ட இறுகிய செம்மண் மேடு. அவருடைய மாமனார் வழியில் வந்த துண்டு அது. பிடுங்கிய செடியைத் தலைச்சுமையாக வரப்பு தாண்டிக் கொண்டுபோய், அங்கே ஆய்ந்து, காயவைத்து, உடைத்து, பருப்பாக மூட்டை கட்டி, மறுபடி வரப்பு தாண்டி வீட்டுக்குக் கொண்டுவருவது இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு வழக்கம். எந்தச் சர்க்கார் வந்தது, எது போனது என்று அந்தக் களத்துக்குத் தெரியாது. தணிகாசலத்தின் மனைவி அஞ்சலை அங்கே கடைசி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு மூட்டை.

எட்டரைக்கு வண்டி கிளம்பியது. ஒரு செவலை, ஒரு மயிலை. பாரம் அதிகம், அதனால் நானும் தணிகாசலமும் நடந்தோம். பாகூருக்கு மூன்று கிலோமீட்டர், முழுதாக ஒரு மணி நேரம். வழியெல்லாம் அறுத்த நெல் தாளும் கரும்பும். கொம்மின் அலுவலகத்தில் கூட்டமில்லை. நடுவயது எழுத்தர் ஒருவர், நல்ல மனிதர், எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்தார். "பிரெஞ்சு தெரியுமே உங்களுக்கு, நீங்களே எழுதிடுங்க, எனக்குக் கண்ணு சரியில்ல" என்று என் பக்கம் தள்ளினார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பேனா பிடித்து யாரும் வேலை சொல்லவில்லை. பெயர், ஊர், நிலத்தின் எண், மூட்டைக் கணக்கு என்று சைகோனில் எழுதியதுபோல முத்து முத்தாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கட்டம்: பக்குவம் செய்த இடம். "எங்கே காய வைத்து உடைத்தீர்கள்?" என்று தணிகாசலத்தைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். கேட்டு எழுதுவது வழக்கம்.

"அந்தாண்ட களத்துலதான். நீங்கதான் பாத்தீங்களே."

இங்கிலீஷ் எல்லைக்குள், என்று அழகான எழுத்தில் எழுதினேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது எட்டு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். எழுத்தர் பாரத்தை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் வைத்துக் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, முத்திரையைக் குத்தினார். அப்புறம்தான் கிட்டத்தில் கொண்டுவந்து படித்தார்.

"ஏங்க, இதை ஏன் எழுதுனீங்க?" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "எல்லாரும் இந்தக் கட்டத்தைக் காலியா வுடுவாங்க. நானும் கேக்க மாட்டேன். இப்ப அந்தாண்டயிலேர்ந்து வந்த சரக்குன்னு ஆயிடுச்சே."

"விளைந்தது இங்கேதானே" என்றேன்.

"நான் இல்லன்னா சொல்றேன்? முத்திரை வுழுந்தா வுழுந்ததுதான். மாத்தணும்னா மேலேர்ந்து உத்தரவு வரணும், பத்து நாள் ஆவும். எதுக்கும் கம்பெனியில கேட்டுப் பாருங்க."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்காமல், "நான் பேசிக்கொள்கிறேன், வெள்ளைக்காரனிடம் பிரெஞ்சிலேயே பேசி முடித்துத் தருகிறேன்" என்றேன். வாய் இருந்தது, பேசினேன்.

பாகூரிலிருந்து பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். இந்தப் பாதையைப் பற்றிப் போகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாகூர் ஏரிக்கரை ஓரமாக ஒரு பர்லாங்கு தூரம் போகிறது, மாசியில் தண்ணீர் நிறைய இருக்கும், நாரையும் கொக்கும் கொள்ளை. ஏரிக்கரையில் கட்டுச்சோறு அவிழ்ப்பதே உத்தமம், அதற்கப்புறம் கிருமாம்பாக்கம் வரை நிழல் குறைவு. நாங்கள் கிருமாம்பாக்கம் வந்தபோது பன்னிரண்டே முக்கால். மாட்டை அவிழ்த்து ஒரு மணி நேரம் விட்டோம். தவளக்குப்பம் மூன்றரை, அரியாங்குப்பம் நாலரை. அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரையில் ஓரணாவுக்கு இரண்டு இளநீர் கிடைக்கிறது, வாங்கிக் குடியுங்கள்.

வழியில் தணிகாசலம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாட்டோடுதான் பேசிக்கொண்டு வந்தார். தவளக்குப்பம் தாண்டி, "அந்த மயிலைக்கு வெயில் ஒத்துக்காது, செவலைதான் இழுத்துக் குடுக்கும்" என்றார். எதை விற்பது என்று யோசிக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஐந்தரைக்குப் பட்டணத்தில் கிடங்குக்குள் வண்டி நுழைந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். வாசலில் இருந்த குமாஸ்தா தாளை வாங்கினான், ஒரே பார்வையில் கடைசிக் கட்டத்துக்குப் போனான்.

"வாங்கிக்கிறோம்ப்பா. ஆனா பிரெஞ்சு சரக்கா இல்ல, அந்நிய சரக்கா. மூட்டைக்கு ரெண்டு ரூபா கம்மி."

"எங்க நெலத்துல வெளஞ்சதுங்க" என்றார் தணிகாசலம்.

"தாளு அப்படிச் சொல்லலியே."

அப்போது எங்களுக்கு முன்னால் வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு வண்டி, நாற்பது மூட்டைக்குக் குறையாது. பிரெஞ்சு எல்லைக்குள் அபிஷேகப்பாக்கத்தில் நிலம் உள்ள ஒருவர் பெயரில் சான்றிதழ். தணிகாசலம் மூட்டை ஒன்றின் மூலையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது பண்ருட்டிச் செம்மண்ணு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவருக்கு அங்க ரெண்டு காணிதான், அதுவும் நெல்லு. நாப்பது மூட்டை எதுல வெளஞ்சுது?"

அந்தச் சரக்கின் தாள் மேஜைமேல் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

எனக்குத் தலை கிர்ரென்று ஏறியது. மேனேஜரைப் பார்த்தே தீருவேன் என்று சத்தம் போட்டேன். பிரெஞ்சில் சத்தம் போட்டதால் உள்ளே விட்டார்கள். மரியாதையான வெள்ளைக்காரர், நாற்காலி கொடுத்தார், சுருட்டு நீட்டினார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மர்செய்யிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அங்கே எண்ணெய் ஆலைகள் பாதி ஓடவில்லை, சோப்புப் பட்டறை வாசலில் ஆட்கள் வேலை கேட்டு நிற்கிறார்கள், உலகத்தின் மலிவுச் சரக்கெல்லாம் வந்து குவிந்து தேசத்தை மூழ்கடிக்கிறது, அதனால்தான் இந்த வேலி என்றார். ஆப்பிரிக்காவில் செனகால் மல்லாட்டை இருக்கிறது, அது பிரெஞ்சு மண், அதற்கு வழிவிட வேண்டும் என்றார். இது என் சட்டமில்லை, பாரிசில் போட்டது என்றார்.

மர்செய்யில் வேலையில்லாமல் நிற்பவன் வயிறும் வயிறுதான். அதை நான் மறுக்கவில்லை, நானே சைகோனில் அப்படி நின்றவன். ஆனால் அவர் மேஜைக்குப் பின்னால் ஜன்னல் வழியே கப்பல் சரக்கு ஏற்றும் கடற்பாலம் தெரிந்தது. அங்கே நீலத்துணி பொதி பொதியாக அடுக்கியிருந்தது. இங்கே ஆலையில் நெய்து சாயமேற்றி அதே செனகாலுக்குப் போகிற துணி. "அந்தத் துணி எந்த நாட்டுச் சரக்கு?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சு சரக்கு. சந்தேகமென்ன" என்றார்.

"அதன் பஞ்சு?"

அவர் சிரித்தார். பஞ்சு இங்கிலீஷ் எல்லைக்குள்ளிருந்து ரயிலில் வருகிறது என்று இருவருக்கும் தெரியும். "அது ஆலையில் செய்தது. வேறு விஷயம்" என்றார்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல நூறு மைலுக்கு அப்பால் விளைந்த பஞ்சு எல்லை தாண்டி வந்து ஆலைக்குள் ஒரு வாரம் இருந்தால் பிரெஞ்சாகிவிடும். பண்ருட்டி மல்லாட்டை ஒரு பெரிய மனிதரின் பெயருக்குள் நுழைந்தால் பிரெஞ்சாகிவிடும். சோரியாங்குப்பத்து மண்ணில் முளைத்து, பூத்து, காய்த்தது, பத்து நாள் வரப்புக்கு அந்தாண்ட வெயில் காய்ந்ததால் இங்கிலீஷாகிவிட்டது. செனகாலில் நம்மூர் நீலத்துணியைக் கட்டிக்கொண்டு ஒருவன் மல்லாட்டை பிடுங்குகிறான். அவனையும் எங்களையும் மோதவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம். உலகமே ஒரு சந்தையாகிவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சந்தைதான். அதில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று கேட்டு நிறுத்துவது வண்டியோட்டி வருகிறவனை மட்டும். வண்டி வண்டியாக வாங்குகிறவனை யாரும் கேட்பதில்லை. ஒரு பெரிய தொழில் தேசம் தன் வீட்டுக்கு வேலி போட்டால், அந்த வேலிக் கால் எங்கோ ஒரு குடியானவன் களத்தில்தான் ஊன்றுகிறது.

இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அங்கே இவ்வளவு கோவையாகப் பேசினேனா என்றால் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். சுருட்டை மட்டும் வாங்கவில்லை.

வெளியே குமாஸ்தா தணிகாசலத்திடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த அபிஷேகப்பாக்கத்துக்காரர் பெயரில் சரக்கைச் சேர்த்துவிடலாமாம், விலை வித்தியாசத்தில் பாதி அவருக்கு. தணிகாசலம் வண்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எம் மல்லாட்டைக்கு நான் அப்பன் இல்லன்னு எழுதிக் குடுக்கணுமா? வேணாம்பா. அந்நிய சரக்குன்னே போட்டுக்க."

அடுத்த கப்பலுக்கு வைத்திருக்கலாமே என்றேன். விலை வாராவாரம் இறங்குகிறது, வீட்டில் எலி வேறு என்றார். பன்னிரண்டு மூட்டையும் இறங்கியது.

அன்று இரவு பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை காலை கடைத்தெருவில் மர்செய் சோப்பு ஒரு கட்டி மூன்றணா. போன வருஷக் கட்டுரையில் வாங்கத் தவறாதீர்கள் என்று எழுதியது இதைத்தான். கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கடைக்காரர் கோபித்துக்கொண்டார். மோட்டார் பஸ்ஸில் ஆறணா கொடுத்துக் கடலூர் வந்து சேர்ந்தேன்.

பங்குனி கடைசியில் மறுபடி சோரியாங்குப்பம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கேட்க வாய் வரவில்லை. வரப்புக்கு இந்தாண்ட நல்ல விளைச்சல் நிலத்தில் கால் காணியை மேடாக்கிப் புதுக்களம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கிற மண்ணாயிற்றே, எப்படி நிற்கும் என்று கேட்டேன். அஞ்சலை கூடையோடு வரப்புமேல் நின்று பதில் சொன்னாள்.

"அந்தாண்ட களத்தைத்தான் வெட்டி இந்தாண்ட கொண்டாந்து போடுறோம். நானூறு கூடை ஆச்சு. வெயில் யாருதுன்னு பாக்குறவங்க மண்ணு யாருதுன்னு பாக்கலியே."

தணிகாசலம் திம்சுக்கட்டையால் தரையை இடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வாட்டி நீங்க தைரியமா எழுதலாம்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அடி வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மாசி, பங்குனிதான் ஏற்ற மாதங்கள், ஐப்பசியில் ஆற்றைத் தாண்ட முடியாது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் யாராவது ஒரு தாளை நீட்டி எழுதித் தரச் சொன்னால், எந்தக் கட்டம் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பேனா பிடிக்கத் தெரியும் என்ற பெருமையை ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மொத்தச் செலவு எனக்கு ஒரு ரூபாய்க்குள்.

சோரியாங்குப்பத்திலிருந்து பட்டணத்துக்கு வண்டி கிடைக்குமா என்று கேட்பீர்கள். மாசி தொடக்கத்தில் கேட்டிருந்தால் தணிகாசலத்தைக் கேளுங்கள் என்று எழுதியிருப்பேன். இப்போது அவர் கொட்டகையில் செவலை மட்டும்தான் நிற்கிறது, வண்டி சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறது. நடந்து போங்கள். இருபது கிலோமீட்டர்.